இங்கிலீஷ் மலைக்கு ஒரு கிரிவலம்

மே 29, வியாழன்

வந்து சேர்ந்துவிட்டேன். இரண்டு விமானம், ஒரு வாடகைக் கார். விமான நிலையத்து வாசலில் என் மகன் சோணாசலம் நீலக் கோட்டு போட்டுக்கொண்டு நின்றான். நாலு வருடத்தில் இளைத்திருக்கிறான். பெரிய வேலையில் இருப்பவனுக்கு உடம்பில் எங்கே ஒட்டும்? கம்ப்யூட்டர் கம்பெனியில் அவனுக்குக் கீழே பதினோரு பேர். இதை விமானத்தில் பக்கத்து சீட்டு அம்மாவிடம் துபாய் வருவதற்குள் சொல்லி முடித்தேன். கார் ஓட்டி வந்தவருக்குத் தமிழ் தெரியவில்லை. பத்து விரலைக் காட்டி, மறுபடி ஒரு விரலைக் காட்டி, சோணாவின் முதுகைத் தட்டிக் காட்டினேன். அவர் சிரித்தார். சோணா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சிறு வயதிலிருந்தே அவனுக்குக் கூச்சம்.

ஊர் பெயர் லீட்ஸ். இங்கிலாந்தின் வடக்கில் இருக்கிறது. தெருத்தெருவாகச் செங்கல் வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டி, சூளையில் அடுக்கின வாக்கிலேயே ஜன்னல் வெட்டிவிட்டதுபோல. ராச்சாப்பாடு முடிந்தும் வெயில் போகவில்லை. சூரியனுக்கு வீட்டுக்குப் போகவே மனசில்லாத ஊர்.

மருமகள் தமிழரசி வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதியில் வேலை செய்கிறாள். பேத்தி சுடர்விழிக்குப் பன்னிரண்டு வயது, என்னைவிட ஒரு சாண் உயரம். இந்த நோட்டை அவள்தான் கொடுத்தாள், தினமும் எழுத வேண்டுமாம். ஐந்தாவதோடு நின்ற படிப்புதான். ஆனால் கடைப் பலகையில் இட்லி, வடை, பொங்கல் என்று வருடக்கணக்காக எழுதிய கை. எழுதுவேன்.

வந்ததும் பௌர்ணமியைக் கேட்டேன். ஊர் காலண்டரிலிருந்து கிழித்துக் கொண்டுவந்த தாளைப் பார்த்து சுடர் இந்த ஊர் மணிக்கு மாற்றிச் சொன்னாள். ஜூன் பத்து, செவ்வாய் காலை ஏழு மணிக்குப் பிறக்கிறது. பத்தொன்பது வருடமாக ஒரு பௌர்ணமிகூட விட்டதில்லை. திருவண்ணாமலையில் கூட்டம் கூடுவதற்குள் பகலிலேயே மலையைச் சுற்றி வந்துதான் கடை அடுப்பைப் பற்ற வைப்பேன். யாருக்காகச் சுற்றுகிறாய் என்று சிலர் கேட்பார்கள். பெற்றவள் வேறு யாருக்காகச் சுற்றுவாள்.

இங்கே மலை இருக்கிறதா என்று சோணாவைக் கேட்டேன். இருக்கிறதாம்.

மே 30, வெள்ளி

இன்று பார்த்ததை எழுத இந்த நோட்டு போதாது.

சோணா எட்டு மணிக்கு ஷூ போட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினான். சுடருக்குப் பள்ளி விடுமுறை. என்னை பஸ்ஸில் டவுனுக்குக் கூட்டிப் போனாள். மாடி பஸ். மேல் மாடியில் முதல் சீட்டில் உட்கார்ந்தேன், தேர்மேல் உட்கார்ந்த மாதிரி. இறங்கும்போது எல்லாரும் டிரைவருக்கு நன்றி சொல்கிறார்கள். டிரைவர் பெண்பிள்ளை. என்னைப் பார்த்து 'லவ்' என்று சொன்னாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். இந்தப் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். காய்கறிக்காரரும் சொன்னார், மீன்காரரும் சொன்னார். என் வீட்டுக்காரர் இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் ஒருநாளும் சொல்லாததை இவர்கள் ஒரே காலையில் மூன்று தடவை சொல்லிவிட்டார்கள்.

இந்த ஊருக்கு ஆந்தைதான் சின்னமாம். பெரிய ஆபீஸ் கட்டடத்துக்கு முன்னால் கம்பத்து உச்சியில் தங்க நிறத்தில் ஆந்தை. கோபுரத்தில் கலசம் வைக்கிற இடத்தில் ஆந்தையை வைத்திருக்கிறார்கள். நம்மூரில் வீட்டுக்கூரையில் ஆந்தை உட்கார்ந்தால் கல்லெடுத்து எறிவோம். சுடர் ஒவ்வொரு ஆந்தையாகக் காட்டக் காட்ட நான் மனசுக்குள் அண்ணாமலையாரைக் கூப்பிட்டுக்கொண்டேன். பதினேழு எண்ணினோம்.

மார்க்கெட் பெரிய ரயில் நிலையம்போல இருந்தது. இரும்புத் தூணும் கண்ணாடிக் கூரையும். வெண்டைக்காய் இருக்கிறது, முற்றல். ஒடித்துப் பார்த்தேன், கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு நூலகம். படிக்கட்டெல்லாம் வழவழப்பான கல், சுவரெல்லாம் ஓடு பதித்தது. ராஜா வீட்டில் புத்தகத்தைக் குடிவைத்த மாதிரி. மேல் மாடியில் ஒரு அறையை எட்டிப் பார்த்தேன். வரிசையாக மேசை. முதுகைக் காட்டிக்கொண்டு நீலக் கோட்டில் ஒருவர், கம்ப்யூட்டர் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பின்மண்டையில் இரட்டைச் சுழி. எண்ணெய் தடவி வாரிவிட்டால் இரண்டு பக்கமும் முடி எழும்பி நிற்குமே, அந்த மாதிரி சுழி. பக்கத்தில் ஒரு சாப்பாட்டுப் பை.

சுடர் என் கையைப் பிடித்து இழுத்தாள். கீழே இன்னொரு ஆந்தை இருக்கிறது, பார்க்கவில்லையே என்றாள். போய்ப் பார்த்தோம்.

இத்தனை பெரிய ஊரில் இரட்டைச் சுழிக்காரர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

மே 31, சனி

சோணாவுக்கு லீவு. பத்து மணிவரை தூங்கினான். தூங்கட்டும்.

ஜூன் 1, ஞாயிறு

ஊரிலிருந்து குணவதி பேசினாள். என் கொழுந்தனார் பெண்டாட்டி, எனக்கு ஓர்ப்படி. போனை சோணா எடுக்கப் போனான். அவனை முந்திக்கொண்டு எடுத்து, பின்பக்கம் துணி காயப்போடும் இடத்துக்குப் போய்ப் பேசினேன். இந்த ஊர், மாடி பஸ், சோணாவின் கார் (கார் அவனுடையது இல்லை, அது அவளுக்கு எதற்கு) எல்லாம் சொன்னேன். அவள் எல்லாவற்றுக்கும் ஊம் கொட்டிவிட்டு, "கடை விசயத்தைப் பையன்கிட்ட சொல்லிட்டியாக்கா?" என்று கேட்டாள். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

உள்ளே வந்ததும் சோணா கேட்டான், நான் இங்கே வந்துவிட்டதால் கடையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று. ஆள் போட்டிருக்கிறேன் என்றேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஐநூறு இட்லியாவது போயிருக்கும் என்றேன்.

ஜூன் 3, செவ்வாய்

துணி துவைக்கும் மெஷினில் நான் பழகிவிட்டேன். சோணாவின் சட்டைகளை இஸ்திரி போட்டேன். ஆறு சட்டை. காலரில் ஒரு அழுக்கு இல்லை, கையில் ஒரு மை இல்லை. ஏ.சி. ஆபீஸ், அப்படித்தான் இருக்கும்.

மாலையில் நான் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தபோது சமையலறையில் தமிழரசி சுடரிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆயாகிட்ட எதையும் உளறிடாதடி. அவங்க ஊருக்குப் போற வரைக்குந்தான்."

எனக்கு ஏதாவது புடவை வாங்கி வைத்திருப்பார்கள்.

ஜூன் 5, வியாழன்

பௌர்ணமி செவ்வாய்க்கிழமை வருகிறது, வேலை நாள். தமிழரசிக்கு லீவு கிடையாது, சுடருக்குப் பள்ளி. தனியாக ரயில் ஏறி மலைக்குப் போக எனக்குப் பயமில்லை, ஆனால் விடமாட்டார்கள். சாப்பிடும்போது சோணாவிடம் கேட்டேன், ஆபீசில் ஒருநாள் லீவு கொடுப்பார்களா என்று. தமிழரசி தட்டைப் பார்த்தாள். சுடர் தண்ணீர் குடித்தாள், வெகுநேரம் குடித்தாள்.

மேனேஜரைக் கேட்கிறேன் என்று சோணா போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான். இங்கிலீஷில் பேசினான். நடுவில் நிறுத்தி, கேட்பதுபோலத் தலையாட்டி, சிரித்து, மறுபடி பேசினான். முடித்துப் போனைக் காதிலிருந்து எடுத்தான். அதில் வெளிச்சமே இல்லை.

கொடுத்துவிட்டார்களாம். தங்கமான மேனேஜர், நன்றாக இருக்கட்டும் என்றேன்.

ஜூன் 7, சனி

மலையை முடிவு செய்துவிட்டார்கள். ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். பெயர் பெனிகெண்ட். சுடரின் பள்ளியில் போன வருடம் கூட்டிப் போனார்களாம். படம் காட்டினாள். சிங்கம் முன்காலை நீட்டிப் படுத்திருப்பதுபோல இருக்கிறது. பார்த்ததும் எனக்கு உள்ளங்கால் குறுகுறுத்தது. அண்ணாமலையைவிடக் கொஞ்சம் குட்டை.

சோணா எனக்கு ஷூ வாங்கித் தருகிறேன் என்றான். வேண்டாம், இரண்டு ஜோடி காலுறை போதும் என்றேன். எவ்வளவு நேரத்தில் உச்சிக்கு ஏறலாம், எங்கே வழுக்கும் என்று மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏறப் போகிறோம் என்று யார் சொன்னது? நான் வாயைத் திறக்கவில்லை. இங்கே திறந்தால் மலைக்கே கூட்டிப் போகமாட்டார்கள்.

ஜூன் 9, திங்கள்

புளியோதரைக்குப் புளிக்காய்ச்சல் செய்து வைத்தாகிவிட்டது.

நாளைக்கு மலை சுற்றும்போது மனசில் பொய் இருக்கக்கூடாது. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

நூலகத்தில் இருந்தது சோணாதான். பெற்றவளுக்கு முதுகு தெரியாதா. அவனுக்கு வேலை போய்விட்டது, எனக்குத் தெரியக்கூடாது என்று மூன்று பேருமாக நாடகம் போடுகிறார்கள். தினமும் எட்டு மணிக்குக் கிளம்பி ஐந்தரைவரை வெளியே இருந்துவிட்டு வருகிறான். அவன் வீட்டிலேயே அவனால் உட்கார முடியவில்லை, நான் உட்கார்ந்திருப்பதால்.

இன்னொன்று. என் கடை மாசி மாதத்தோடு போய்விட்டது. கிரிவலப் பாதையை அகலமாக்கினார்கள். கடை இருந்த இடத்தில் இப்போது ஜனங்கள் நடக்கிறார்கள். குண்டானும் இட்லிச் சட்டியும் வீட்டில் கவிழ்ந்து கிடக்கின்றன. ஒவ்வொரு ஞாயிறும் அவனிடம் இத்தனை இட்லி போயிற்று என்று நான் சொன்னதெல்லாம் பொய். இந்தப் பச்சையம்மா பிள்ளையின் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்று எவளும் சொல்லக்கூடாது, குணவதி முக்கியமாகச் சொல்லக்கூடாது.

அவனை நான் எப்படிக் குறை சொல்வது? இந்த நோய் என்னிடமிருந்து வந்ததுதான்.

ஜூன் 10, செவ்வாய், பௌர்ணமி

சுற்றிவிட்டேன். முழுக்கச் சுற்றிவிட்டேன். இன்றைக்கே எழுத வேண்டும்.

காலை ரயிலில் போனோம். ஊர் முடிந்ததும் பச்சை தொடங்கியது. மேட்டிலும் பள்ளத்திலும் மலை உச்சிவரைக்கும் கல் சுவர்கள். மண்ணோ சுண்ணாம்போ இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கியவை. எதற்கு என்று கேட்டேன். ஆடு தாண்டாமல் இருக்க என்றான் சோணா. ஆட்டுக்குக் கோட்டை கட்டின ஊர்.

சின்ன ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தால், நேர் எதிரே பெனிகெண்ட். படத்தில் பார்த்தது ஒன்றுமே இல்லை. மேகத்தின் நிழல் அதன் முதுகில் ஊர்ந்துகொண்டிருந்தது, உயிருள்ள மாதிரி. என்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

எங்களோடு இறங்கியவர்கள் எல்லாரும் கம்பை ஊன்றிக்கொண்டு ஏறுகிற வழியில் திரும்பினார்கள். நான் ஒரு மரக் கதவின் பக்கத்தில் செருப்பைக் கழற்றிப் பையில் வைத்தேன். இரண்டு ஜோடி காலுறையையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டினேன். மலையைப் பார்த்துக் கும்பிட்டு, அது வலது கைப்பக்கம் வரும்படி திரும்பி நடந்தேன்.

"எம்மா, வழி இந்தப் பக்கம். எல்லாரும் ஏறறாங்க பாரு."

"ஏறட்டும். நாம சுத்தணும்."

"இது இன்னா அண்ணாமலையாரா? ஆடு மேயற மலைம்மா."

"மலைன்னா மலைதான்டா. அது தலைமேல கொண்டுபோய் என் காலை வெக்கச் சொல்றியா?"

அவன் வரைபடத்தைப் புல்லில் விரித்துக் குனிந்து பார்த்தான். சுற்றிவர வழி என்று ஒன்று அதில் இல்லை. அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் என்று விரலால் ஒட்டுப்போட்டு, இருபது கிலோமீட்டர் வரும் என்றான். அண்ணாமலைக்கே பதினாலுதான், குட்டை மலைக்குச் சுற்று மட்டும் எப்படி அதிகம் என்று கேட்டேன். வரைபடத்தை மடித்தான். மடிக்கும்போது சிரித்தான். நான் வந்ததிலிருந்து அவன் பல் தெரிந்தது இப்போதுதான்.

வடக்குப் பக்கம் தரையெல்லாம் ஈரம். பஞ்சு மெத்தையில் தண்ணீர் ஊற்றினதுபோல. ஒரு இடத்தில் முழங்கால்வரை உள்ளே போய்விட்டேன். சோணா இழுத்தான், கால் வந்தது, காலுறைகள் வரவில்லை. அதற்கப்புறம் வெறுங்கால்தான். தலைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு குருவி நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அவன் முகத்தில் மட்டும் கவலை.

நாலு சக்கர வண்டியில் ஒரு ஆட்டுக்காரர் வந்தார். பின்னால் ஒரு நாய். வழி தவறிவிட்டீர்கள், உச்சி அந்தப் பக்கம் என்றாராம். சோணா என்னைக் காட்டி ஐந்து நிமிடம் விளக்கினான். அவர் என் காலைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். ஐந்து தலைமுறையாக அவர்கள் குடும்பம் அங்கே இருக்கிறதாம். மேலே போகிற வழியும் கீழே வருகிற வழியும் கேட்டிருக்கிறார்கள், சுற்றுகிற வழியை இதுவரை ஒருவரும் கேட்டதில்லையாம். சுற்றினால் மலை என்ன கொடுக்கும் என்று கேட்டார். கால் வலி கொடுக்கும் என்று சொல்லச் சொன்னேன். அவருக்கும் அதைத்தான் கொடுத்திருக்கிறதாம். சேறு இல்லாத தன் சொந்த நிலத்தின் வழியாகக் கதவைத் திறந்து விட்டார். முதுகில் நீலச் சாயம் பூசின ஆடுகள் விலகி நின்று பார்த்தன.

கிழக்குப் பக்கம் இறங்கினால் ஒரு சின்ன ஆறு, நாலைந்து கல் வீடுகள். ஆற்றங்கரையில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தேன். அவன் இரண்டு வாய் சாப்பிட்டான். மூன்றாவதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"எம்மா. நான் லீவு போட்டுட்டு வரல."

"சாப்ட்டுட்டு சொல்லு."

"வேலை போயிடுச்சும்மா. ரெண்டு மாசம் ஆவுது. எனக்குக் கீழ இருந்த பதினோரு பேரையும் சேத்து அனுப்பிட்டாங்க."

ஏழு இடத்தில் நேர்காணலுக்குப் போனானாம். ஆகஸ்டுக்குள் வேறு கம்பெனி எடுத்துக்கொள்ளாவிட்டால் குடும்பத்தோடு இந்த நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டுமாம். சுடரின் படிப்பு பாதியில் நிற்கும். இதையெல்லாம் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நூலகத்தில் பார்த்ததை நான் சொல்லவில்லை. அவனாகச் சொன்னது அவனுடையதாகவே இருக்கட்டும்.

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாடா?"

"நீ வந்து எறங்கி ஒரு மணி நேரம் ஆவல, அந்த டிரைவர்கிட்ட வெரல காட்டி எண்ணிக்கினு இருந்த. நான் எப்டிம்மா சொல்வேன்?"

அந்தச் சொல் என்னைக் குத்தியதுபோல வழியில் எந்தக் கல்லும் குத்தவில்லை. இருபது வருடமாக அவனைத் தலைமேல் தூக்கி வைத்து ஊருக்குக் காட்டினேன். அங்கிருந்து அவன் எப்படிக் கீழே இறங்குவான் என்று நான் யோசித்ததே இல்லை.

அப்போதுதான் கடையைச் சொன்னேன். மாசியிலேயே போய்விட்டது என்று சொன்னேன். அவன் என்னையே பார்த்தான்.

"போன வாரம் ஞாயித்துக்கிழமை ஐநூறு இட்லின்னியே?"

"அது போன வருசத்து ஐநூறு."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். கையிலிருந்த சோறு ஆற்றில் விழுந்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான், தோள் குலுங்கியது. இரட்டைச் சுழியில் கை வைத்துத் தடவிக்கொடுத்தேன். நாற்பத்திரண்டு வயதில் நடு உச்சி வழுக்கை விழப் பார்க்கிறது.

தெற்குப் பக்கம் தார்ச் சாலை, பெரிய ஏற்றம். ஒரு அம்மா காரை நிறுத்தி, என் வெறுங்காலைப் பார்த்துவிட்டு, ஏறிக்கொள்ளச் சொன்னார். நடுவில் வண்டி ஏறக்கூடாது, மாட்டேன் என்று கும்பிட்டேன். புது ஷூ போட்ட சோணாவுக்குத்தான் குதிகாலில் கொப்புளம். காரைப் பார்த்துக்கொண்டே நின்றான். நிறைமாத ராணி நடப்பதுபோல மெதுவாக நடக்க வேண்டும், ஊரில் அப்படித்தான் சொல்வார்கள் என்றேன். ராணிக்குக் கொப்புளம் இருந்ததா என்று கேட்டான். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். எட்டாவது நேர்காணல் அடுத்த வாரம் வியாழக்கிழமை வருகிறதாம். கிடைக்குமா என்று நான் கேட்கவில்லை. கிடைக்கும் என்று அவனும் சொல்லவில்லை.

மாலை ஆறரைக்குத் தொடங்கின மரக் கதவுக்கே வந்து சேர்ந்தோம். மலை வெயிலில் பொன்னாக நின்றது. உச்சியிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண், மேலே காட்சி எப்படி இருந்தது என்று எங்களைக் கேட்டாளாம். நாங்கள் மேலே போகவில்லை, நாலு பக்கமும் பார்த்தோம் என்று சோணா சொன்னான்.

ஜூன் 11, புதன்

படுத்தே இருந்தேன். தமிழரசி எண்ணெய் காய்ச்சிக் காலில் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே, "மன்னிச்சிடுங்க அத்தை" என்றாள். எனக்கு அவள் புடவை வாங்கவே இல்லை.

ஜூன் 12, வியாழன்

காலை எட்டு மணிக்கு எல்லாரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. குணவதி. சோணாவைப் பார்த்தேன். பின்பக்கம் போகவில்லை. சுடரிடம் கொடுத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போடச் சொன்னேன்.

மலை சுற்றினதைச் சொன்னேன், அவள் நம்பவில்லை. அங்கேயும் நல்ல கூட்டம் என்றாள். பிறகு கேட்டாள். "இன்னாக்கா, பையன் ஆபீசுக்குக் கெளம்பிட்டானா?"

தமிழரசி கையில் கரண்டி அப்படியே நின்றது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போன் பக்கம் குனிந்தேன். 

"அவனுக்கு வேலை போயிடுச்சி, குணவதி. ரெண்டு மாசமாவுது. வேற தேடறான்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது.  குத்தலாக ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். "கெடச்சிடுங்க்கா" என்றாள், மெதுவாக.

என்ன குழம்பு வைத்தாய் என்று கேட்டேன். கத்தரிக்காய் என்றாள். முருங்கைக்காய் போட்டாயா என்று கேட்டேன். போட்டாளாம். கொஞ்ச நேரம் அதையே பேசிவிட்டு வைத்தோம்.

சோணா எழுந்து கை கழுவினான். கொப்புளத்தில் பிளாஸ்திரி ஒட்டி, ஷூவை மெதுவாக மாட்டினான். கோட்டு போடவில்லை. வாசலில் நின்று சொன்னான்.

"எம்மா, லைப்ரரிக்குப் போயிட்டு வரேன்."

"எத்தினி மணிக்கு வருவ?"

"பசிச்சா வந்துடறேன்."